பால் கட்டிய இரண்டு நாள்

என் மகள் பிறந்து முப்பத்தெட்டாவது நாள் என் மனைவிக்கு இடது பக்கம் பால் கட்டிக்கொண்டது. இந்த ஒரு வரியை எழுத எனக்கு இத்தனை காலம் ஆகியிருக்கிறது. வாயால் சொல்ல முடியாமல்தான் அன்று அவ்வளவும் நடந்தது.

வழக்கமாக நான் வேலைச் சட்டையை மாட்டுவதற்குள் அடுப்படியில் சத்தம் கேட்டுவிடும். அன்று கேட்கவில்லை. போய்ப் பார்த்தபோது போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். நெற்றியைத் தொட்டேன். கொதித்தது. பக்கத்தில் குழந்தை காலை உதைத்துக்கொண்டு அழத் தயாராக இருந்தது.

"இந்தப் பக்கம் கல்லு மாதிரி இருக்குங்க. புள்ள வாய வெச்சா உயிரே போவுது. பால் கட்டிக்கிச்சு போல."

அவள் கையை எங்கே வைத்திருந்தாள் என்று தெரிந்தது. நான் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன்.

எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. கல்யாணமே லேட். ஆறு வருஷம் கழித்து ஒரே பிள்ளை. நாங்கள் இருப்பது அசாம் ஜாவா பக்கம் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வரிசை வீடுகளில். தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறேன், குலைகளை ஏற்றிக்கொண்டு போய் லோரி நிற்கும் இடத்தில் கொட்ட வேண்டும். ஒத்தாசைக்கு வந்திருந்த மாமியார் போன வாரம்தான் பத்தாங் காலிக்குத் திரும்பியிருந்தார். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான்.

வேலையைப் பிரித்துக் கொடுக்கும் மண்டோருக்குப் போன் செய்தேன்.

"அண்ணே, இன்னைக்கு லீவு வேணும்."

"என்னடா ஆச்சு?"

"வீட்ல கொஞ்சம் சுகமில்ல."

"யாருக்கு? என்ன பண்ணுது?"

"கொஞ்சம்... காய்ச்சல் மாதிரி."

"காய்ச்சல் மாதிரின்னா என்னடா? பேசுறத முழுசாப் பேசு. புள்ள பெத்தது அவளா நீயா, வாய்க்குள்ளயே முனகுற?"

சிரித்துக்கொண்டேதான் லீவு கொடுத்தார். ஆனால் அவர் கேட்டது நாள் முழுக்க என் கூடவே வந்தது.

குழந்தை அழுகிற சத்தம் கேட்டு பக்கத்து வீட்டு அக்கா வந்தார். ரவாங் தொழிற்சாலையில் வேலை. அன்று அவருக்கு மாலை ஷிப்ட். வந்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு என் மனைவியின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"ஐயோ, இவ்வளவு காயுதே. இந்தச் சூட்டோட குடுக்காத. சூட்டுப் பால் லா. புள்ளைக்கும் காய்ச்சல் வந்துடும்."

"அப்ப புள்ள பசிக்கு என்னக்கா பண்றது?"

"கிளினிக்ல ஒரு வார்த்த கேட்டுக்கலாம். தம்பி, நீங்க போயிட்டு வாங்க. இவளால மோட்டர்ல உக்கார முடியாது. எங்க ஊட்டுக்காரரு வேன எடுத்துக்கிட்டு போயிட்டாரு, ராத்திரிதான் வருவாரு."

மனைவி போர்வைக்குள் இருந்தபடியே சொன்னாள். "குடுக்கலாமா வேணாமான்னு மட்டும் கேட்டுட்டு வாங்க. வேற ஒண்ணும் கேக்க வேணாம்."

அவளுக்கு என்னைத் தெரியும். என்னால் எவ்வளவு சுமக்க முடியுமோ அவ்வளவுதான் கொடுத்தனுப்பினாள்.

மோட்டர் சைக்கிளில் போகும்போது வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். தமிழில் சொல்வதென்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அங்கே மலாயில் சொல்ல வேண்டும். நான் ஆறாம் வகுப்பு வரைதான் படித்தேன். என் மலாய், பள்ளிக்கூடத்து மலாய் இல்லை. கலும்பாங் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பதினாலு வயசிலிருந்து பாலுக்கு மரம் வெட்டினேன். வெட்டிய பாலை ஸ்டோரில் கொண்டுபோய் நிறுத்துக் கொடுக்கும்போது அங்கிருந்த கணக்கெழுதும் மலாய்க்காரக் கிராணியிடம் பேசிப் பேசி வந்த மலாய் அது. அங்கே பாலுக்கு சூசு என்று பெயர். மழை பட்டோ, எடுக்க நேரமானாலோ கோப்பையிலேயே கட்டிப்போனால் அது பெக்கு. கிராணி வாளிக்குள் எட்டிப் பார்த்து "சூசுவா, பெக்குவா?" என்று கேட்பார். ஒரு நாளைக்கு நூறு தடவை காதில் விழுந்த சொல். அதனால் எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"சூசு சுடா பெக்கு." பால் கட்டிப்போய்விட்டது. "அனாக் போலே மீனும்?" பிள்ளை குடிக்கலாமா?

இரண்டே வாக்கியம். இதில் உடம்பின் எந்தப் பாகத்தின் பெயரும் வரவில்லை. அது எனக்கு எவ்வளவு பெரிய நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

தாய் சேய் பகுதியில் உட்கார இடமில்லை. எல்லாம் பெண்கள். வயிற்றைத் தூக்கிக்கொண்டு சிலர், கைக்குழந்தையோடு சிலர். நம்பர் எடுத்துக்கொண்டு சுவரோரம் நின்றேன். பிறகு வெளியே போய் மோட்டரில் சாவி இருக்கிறதா என்று பார்த்தேன். என் பையில்தான் இருந்தது. மறுபடி உள்ளே வந்தேன். நம்பர் தாண்டிப் போய்விட்டதோ என்று பக்கத்தில் இருந்த பெண்ணைக் கேட்கலாம் என்று நினைத்துக் கேட்கவில்லை. மறுபடி வெளியே போனேன்.

என் நம்பர் வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மலாய் நர்ஸ், நாங்கள் மிஸி என்போம், வயது ஐம்பது இருக்கும், முகமூடி போட்டிருந்தார். நான் கண்ணாடியில் இருந்த ஓட்டைக்குப் பக்கத்தில் குனிந்து என் இரண்டு வாக்கியத்தையும் சொன்னேன். கேட்கவில்லை என்று காதைக் காட்டினார். கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். எனக்குப் பின்னால் யாரோ சிரித்த மாதிரி இருந்தது.

மிஸியின் கண் மலர்ந்தது. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். "பாகுஸ்! ராஜின் இஸ்திரி என்சிக்." நல்லது, உங்கள் மனைவி நல்ல உழைப்பாளி என்றார். பால் கட்டிக்கொண்டதற்கு எதற்கு மெச்சுகிறார் என்று ஒரு நொடி தோன்றியது. நல்ல மனசுக்காரர், தைரியம் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு விரல் விட்டு எண்ணியபடி விளக்கினார். குடிக்கலாம். முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் வைக்க வேண்டும். இளகிய பிறகு நாலு மணி நேரம்தான். நாலு மணி நேரத்துக்கு மேல் போனால் புவாங். கொட்டிவிட வேண்டும், பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது. புரிந்ததா?

"பாஹாம், பாஹாம்" என்றேன். புரிந்தது.

காய்ச்சலைப் பற்றிச் சொல்லவே இல்லை என்பது சமிக்ஞை விளக்கில் நிற்கும்போதுதான் நினைவு வந்தது. திருப்பினேன். கிளினிக் வாசல் வரை வந்தேன். கண்ணாடி வழியாக அந்தக் கூட்டம் தெரிந்தது. மறுபடி நம்பர் எடுக்க வேண்டும், மறுபடி குனிய வேண்டும். கேட்கச் சொன்னதைக் கேட்டாகிவிட்டது, வேறு ஒன்றும் வேண்டாம் என்றுதானே சொன்னாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்தத் தடவை மட்டும் உள்ளே போயிருந்தால்!

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் கேட்டேன். "எப்ப இருந்து கட்டியிருக்கு?"

"விடியக்காத்தால இருந்து."

மணி பதினொன்று. நாலு மணி நேரம் எப்போதோ தாண்டிவிட்டது.

"சுடுதண்ணி ஒத்தடம் வெச்சு இளக்கிட்டு, கொட்டிடணுமாம். நாலு மணி நேரத்துக்கு மேல ஆனா புள்ளைக்குக் குடுக்கவே கூடாதாம்."

"பாத்தியா?" என்றார் அக்கா. "நான் சொன்னப்ப நீ நம்பல."

மனைவி என்னையே பார்த்தாள். "ரெண்டு பக்கமுமா?"

மிஸி பக்கம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. "பால்னுதான் சொன்னாங்க" என்றேன்.

அக்கா என்னை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். கதவுக்கு வெளியே நின்றேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவது கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து அக்கா ஒரு கிண்ணத்தோடு வந்தார். அடியில் கொஞ்சம்தான் இருந்தது. கழுவும் தொட்டியில் கவிழ்த்துக் குழாயைத் திறந்துவிட்டார். வெள்ளையாகச் சுற்றிக்கொண்டு போனது. நான் ரப்பர் வெட்டிய காலத்தில் ஒரு கோப்பைப் பாலைக்கூடக் கீழே விட்டதில்லை. கட்டிப்போனதைக்கூடப் பிய்த்தெடுத்துப் பையில் போட்டுக்கொள்வோம். அது எனக்கு அப்போது ஏன் நினைவுக்கு வந்தது என்று தெரியவில்லை.

கடைக்குப் போய் டின் பால் வாங்கி வந்தேன். அக்கா கலக்கிக் காட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அதன் பிறகு நானும் குழந்தையும்தான்.

குழந்தை ரப்பர் காம்பை நாக்கால் வெளியே தள்ளியது. மறுபடி வைத்தால் மறுபடி தள்ளியது. இரண்டு மடக்கு உள்ளே போயிருந்தால் ஒரு மடக்கு என் கையில் வழிந்தது. தூக்கிக்கொண்டு நடந்தேன். வாசல் கதவிலிருந்து பின்பக்கம் துணி துவைக்கும் இடம் வரை இருபத்திரண்டு எட்டு. போய் வந்தேன், போய் வந்தேன். ஒவ்வொரு முறை அறைக் கதவைத் தாண்டும்போதும் அவள் "குடிச்சுதா?" என்பாள். "குடிக்குது, குடிக்குது" என்பேன். குழந்தை என் சட்டையில் மூக்கைத் தேய்த்து, வாயைத் திறந்து திறந்து தேடியது. அங்கே ஒன்றும் இல்லை என்று அதற்கு எப்படிச் சொல்வது? சட்டைப் பித்தானைக் கவ்விக்கொண்டு ஒரு நிமிஷம் அமைதியாக இருந்தது. பிறகு இன்னும் பெரிதாக அழுதது.

சாயங்காலம் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மிஸி என்ன சொன்னாங்கன்னு அப்படியே சொல்லுங்க."

சொன்னேன்.

"இளகுனதுக்கு அப்புறம் நாலு மணி நேரம்னா என்ன அர்த்தம்? பால் உள்ளதானே இருக்கு. வெளியவா இருக்கு, கெட்டுப்போறதுக்கு?"

பதில் இல்லாததால் கோபம் வந்தது. "படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"நீங்க என்னன்னு கேட்டீங்க?"

"நீ சொன்னத்தான் கேட்டேன்."

நான் உட்காரவில்லை. வாசலுக்குப் போய் வேன் வருகிறதா என்று பார்த்தேன். உள்ளே வந்தேன். மறுபடி போனேன். வேன் வந்தபோது கிளினிக் மூடியிருந்தது. அந்த இரவைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. நடந்தேன், அவ்வளவுதான்.

காலையில் அவளுக்கு உடம்பு தூக்கிப் போட்டது. அந்தப் பக்கம் சிவந்து தோள் வரை வலி ஏறியிருந்தது. அக்காவின் கணவர் எங்களை வேனில் ஏற்றிக்கொண்டார். வழியில் அவள் மடியில் கிடந்த குழந்தையின் மூக்குக்குக் கீழே விரலை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். காய்ச்சலில் என்னவோ செய்கிறாள் என்று நினைத்தேன்.

கிளினிக்கில் அவளைப் பார்த்ததுமே நம்பர் இல்லாமல் உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே ஒரு தமிழ் மிஸி இருந்தாள், சின்ன வயது. திரையை இழுத்தபடி, "அங்கிள், நீங்க வெளிய வெயிட் பண்ணுங்க" என்றாள். திரைக்கு இந்தப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. உட்கார்ந்தேன். எழுந்தேன். உள்ளே பேசுவது முழுவதும் கேட்டது.

"எவ்வளவு நேரமாக்கா இப்படி இருக்கு? புள்ளைக்கு எப்பக்கா கடைசியா குடுத்தீங்க?"

என் மனைவி தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"மிஸி, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். விடியக்காத்தால புள்ள கத்துனது தாங்காம வலது பக்கம் குடுத்துட்டேன். அவரு அப்பதான் கொஞ்சம் கண்ணசந்தாரு, அவருக்குத் தெரியாது. குடுக்கக் கூடாத பாலுன்னு தெரிஞ்சேதான் குடுத்தேன். புள்ளைக்கு ஏதும் ஆயிடுமா? சொல்லுங்க. அப்ப இருந்து நான் மூச்சு வருதா, மூச்சு வருதான்னு பாத்துக்கிட்டே இருக்கேன்."

அவள் அழுதாள். பிரசவத்தில்கூட நான் கேட்காத அழுகை.

"ஐயோ அக்கா, யாரு குடுக்கக் கூடாதுன்னு சொன்னது?"

அவள் சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று இருந்தாளோ, இல்லை பேச முடியாமல் இருந்தாளோ. பின்னால் கேட்டும் அவள் சொன்னதில்லை.

வெளியே போய் மோட்டரில் சாவி இருக்கிறதா என்று பார்க்கலாம் போல் இருந்தது. அன்று மோட்டர்கூட இல்லை, வந்தது வேனில்.

"நான்தான்" என்றேன் திரையைப் பார்த்து. "நான்தான் சொன்னேன். நேத்து இங்க வந்து கேட்டேன்."

திரை விலகி அந்தப் பெண்ணின் முகம் மட்டும் தெரிந்தது. "என்னன்னு கேட்டீங்க அங்கிள்?"

"சூசு சுடா பெக்குன்னு கேட்டேன். பால் கட்டிக்கிச்சுன்னு. காய்ச்சல்னு சொல்லல. வெக்கமா இருந்துச்சு, சொல்லல."

அவள் என்னைப் பார்த்தாள். வாயைக் கையால் மூடிக்கொண்டாள். சிரிப்பு வந்துவிட்டது. பிறகு என் முகத்தைப் பார்த்து அதை விழுங்கிக்கொண்டாள்.

"அங்கிள், சூசு பெக்குன்னா ஐஸ் பெட்டியில வெச்ச பாலு. வேலைக்குப் போற அம்மாமாருங்க பீச்சி எடுத்து ஐஸ்ல உறைய வெப்பாங்கல்ல, அது. அதைத்தான் தண்ணியில வெச்சு இளக்கணும், நாலு மணி நேரத்துல குடுக்கணும். இப்படிக் கட்டிக்கிட்டு வீங்குறது பெங்காக் சூசு. பெங்காக்குன்னா வீக்கம்."

"அப்ப அந்தப் பாலு..."

"ஒண்ணுமே ஆகல. நல்ல பாலு. காய்ச்சல் இருந்தாலும் குடுக்கலாம். குடுக்காம விட்டதாலதான் இப்படி ஏறிக்கிச்சு."

பக்கத்து அறையிலிருந்து நேற்றைய மலாய் மிஸி எட்டிப் பார்த்தார். இவள் என்னவோ வேகமாகச் சொன்னாள். அவர் என்னை அடையாளம் கண்டு நெஞ்சில் கை வைத்து "அல்லா" என்றார். தானும் இன்னும் ரெண்டு கேள்வி கேட்டிருக்க வேண்டும் என்று அவர் சொன்னதாக இவள் தமிழில் சொன்னாள். அவர் பேரில் ஒரு தப்பும் இல்லை. அவருக்குக் கேட்டதற்கு அவர் சரியாகத்தான் பதில் சொன்னார்.

டாக்டர் வந்து பார்த்தார். பால் கொடுக்கும்போது சாப்பிடக்கூடிய மருந்துதான் என்று சொல்லி எழுதிக் கொடுத்தார். பிள்ளைக்குப் பசிக்கும்போதெல்லாம் இரண்டு பக்கமும் கொடுக்க வேண்டும். இரண்டு நாளில் கட்டி இளகாவிட்டால் உடனே வர வேண்டும், சீழ் வைத்துவிட்டால் ஊசி போட்டு எடுக்கும்படி ஆகிவிடும் என்றார்.

"இப்பவே குடுத்துப் பாக்கலாம்" என்றாள் அந்தப் பெண். "அங்கிள், உள்ள வாங்க. அக்காவுக்குக் கை நடுங்குது. புள்ளையோட முதுகத் தாங்கிப் புடிங்க."

நான் திரைக்குள் போனேன். கடிகாரம் எதுவும் இல்லாத சுவர். குழந்தையின் முதுகுக்குக் கீழே கையைக் கொடுத்துத் தாங்கினேன். அது முகத்தைத் திருப்பியது. மறுபடி திருப்பியது. புட்டியைக் காட்டிக் காட்டி நான்தான் மறக்கடித்துவிட்டேனோ என்று எனக்கு வேர்த்துவிட்டது. மூன்றாவது தடவை கவ்வியது. என் மனைவி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்தாள், நகம் பதிந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு க்ளுக் என்று ஒரு சத்தம். சின்னச் சத்தம். இன்னொன்று.

"முழுங்குது" என்றேன். அன்று நான் சத்தமாகச் சொன்ன ஒரே வார்த்தை அதுதான்.

வேனில் வரும்போது அவளுக்குக் காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"அங்கிளாம். எனக்கு அக்கா, உங்களுக்கு அங்கிள்."

நான் தலையைச் சொறிந்தேன்.

"நம்ம ஊட்டு ஐஸ் பெட்டியில மீனு வெக்கவே எடமில்ல. அதுல என் பால உறைய வெச்சிருக்கேன்னு சொல்லிட்டு வந்திருக்கீங்க."

முன்னால் ஓட்டிக்கொண்டிருந்த அக்காவின் கணவர் தோள் குலுங்கச் சிரித்தார். அவளும் சிரித்தாள். வலியில் சிரிப்பு பாதியில் நின்றது. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"என் பாலக் குடுத்துட்டு, அது புள்ளையக் கொன்னுடுமான்னு பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேங்க."

மன்னித்துக்கொள் என்று சொல்லியிருக்கலாம். அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவள் மடியிலிருந்த குழந்தையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த இரண்டு நாளும் அவள் பால் கொடுக்கும்போதெல்லாம் நான் அறை வாசலில் வந்து நின்றேன். "குடிக்குதா? இடது பக்கம் குடுத்தியா? இளகியிருக்கா?" என்று கேட்டேன். வெட்கம் எங்கே போனதென்று தெரியவில்லை. பக்கத்து வீட்டு அக்கா இருக்கும்போதே கேட்டேன். அக்கா, "தம்பிக்கு வாய் முளைச்சிடுச்சு லா" என்றார்.

மூன்றாம் நாள் காலை காய்ச்சல் இல்லை. மண்டோர் போன் செய்தார். "என்னடா, இன்னைக்காவது வர்றியா? யாருக்கு என்னன்னு இப்பவாவது சொல்லுவியா?"

"பொண்டாட்டிக்கு மார்ல பால் கட்டிக்கிச்சு அண்ணே. காய்ச்சல். இப்ப பரவால்ல."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி, சரி. மெதுவா வா" என்று போனை வைத்துவிட்டார்.

சட்டையை மாட்டிக்கொண்டு அறைக்குள் எட்டிப் பார்த்தேன். அவள் சுவரில் சாய்ந்து குழந்தையை இடது பக்கம் வைத்திருந்தாள். "இளகிடுச்சு" என்றாள், நான் கேட்பதற்கு முன்னால். "போங்க, நேரமாச்சு."

வெளியே வந்து மோட்டரைக் கிளப்பினேன். அந்த இரைச்சலில் வீட்டுக்குள்ளிருந்து ஒன்றும் கேட்கவில்லை. அணைத்தேன். இறங்கிப்போய் ஜன்னலுக்குக் கீழே நின்று காது கொடுத்தேன். க்ளுக். மறுபடி க்ளுக்.

"நீங்க இன்னும் போகலையா?" என்றாள் உள்ளேயிருந்து.

"போயிட்டேன்" என்றேன்.